வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போன அக்கா

டூரிஸ்ட் பஸ்ஸில் கைடுகள் எல்லோரும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார்கள். மைக் அங்கேதான் இருக்கும், காற்றும் அங்கேதான் வரும். இந்த அக்கா மட்டும் கடைசி வரிசைக்குப் போய், குழியில் விழுந்தால் ஒரு சாண் தூக்கிப்போடும் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் நான், "முன்னாடி வாங்கக்கா, இடம் இருக்கு," என்று கூப்பிட்டேன்.

"முன்னாடி உக்காந்தா ரோடுதான் தெரியும் தம்பி. அத நீ பாத்துக்கோ. எனக்கு ஆளுங்க தெரியணும்," என்றார்.

பின்னால் இருந்து பார்த்தால் பின்மண்டைகள்தானே தெரியும் என்று நான் மனத்துக்குள் சிரித்தேன். போகப்போகத்தான் புரிந்தது. ஒரு தலை சாய்கிற விதத்தை வைத்தே யாருக்கு வாந்தி வரப்போகிறது, யாருக்குக் கால் மரத்துவிட்டது, எந்தப் புருஷனும் பெண்சாதியும் பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். வாந்தி வருகிறவருக்கே தெரியும் முன்பு ஒரு துண்டு இஞ்சி மிட்டாய் அவர் தோளுக்கு மேலே நீண்டிருக்கும்.

எனக்கு வீடு தன்லியினில், ஆற்றுப் பாலத்துக்கு இக்கரையில். ஜப்பானில் ஓடி ஓய்ந்து யாங்கோனுக்கு வந்த மினி பஸ் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வண்டிகளில் ஒரு கோளாறு உண்டு. பர்மாவில் நாங்கள் ரோட்டின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஆனால் வண்டியின் கதவு இடப்பக்கம். ஆகவே இறங்குகிற ஜனம் நடைபாதையில் இறங்காது, ரோட்டின் நடுவில் இறங்கும். எத்தனையோ வருடம் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்கினோம், ஏறினோம். அந்த அக்கா மட்டும் அதற்குப் பழகவே இல்லை. வண்டி நிற்கும் முன்பே எழுந்து வந்து, முதல் ஆளாக இறங்கி, ரோட்டில் வருகிற லாரிக்கு எதிரே கையை நீட்டி நிற்பார். கடைசி ஆள் இறங்கி ஓரம் போகும்வரை கை இறங்காது. லாரிக்காரர்கள் திட்டுவார்கள். "யபாதே, யபாதே," பரவாயில்லை என்று பர்மிய மொழியில் சிரித்துக்கொண்டே சொல்வார். கை மட்டும் அப்படியே நிற்கும்.

யாங்கோனில் தாமுவே மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவர் வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவரின் மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ், பர்மிய மொழி, இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வேகத்தில் பேசுவார். பர்மியர்கள் அவரை 'ஸயாமா', அதாவது டீச்சரம்மா என்பார்கள். நம் ஜனங்களுக்குக் கைடம்மா. எனக்கு அக்கா. கிறிஸ்தவர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பயணமும் கிடையாது. மற்ற ஆறு நாளும் கோயில் குழு, பெண்கள் சங்கம், பள்ளிக்கூடம் என்று யார் கேட்டாலும் ஒருநாள் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பார்.

அவருடைய ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு குழு வந்து, "மோன் மாநிலத்துப் பக்கம் மலையடிவாரத்துல ஒரு யேபூ இருக்காமே, வெந்நீர் ஊத்து, அங்க கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டால், மற்ற கைடுகள் எத்தனை பேர், எந்தத் தேதி என்று கேட்பார்கள். இவர் கேட்கும் முதல் கேள்வி வேறு.

"உங்கள்ல ரொம்ப மெதுவா நடக்குறது யாரு?"

அந்த ஆளை வைத்துத்தான் மொத்தப் பயணமும் தயாராகும். எத்தனை மணிக்குக் கிளம்புவது, காலையில் எங்கே நிறுத்தி மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடுவது, எத்தனை மைலுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துவது எல்லாமே அவர் கணக்குத்தான். வேகமாக நடக்கிறவர்களைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. "அவங்க எப்படியும் வந்துருவாங்க," என்பார்.

ஆனால் அந்த ஆள் யார் என்று யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். அதனால் வீடு வீடாகப் போவார். ஒருமுறை ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். "என்ன பத்திக் கவலப்படாதீங்க. இவங்க எல்லாரையும் விட நான் வேகமா நடப்பேன்," என்றார் பெரியவர். அக்காவின் பார்வை கதவுக்குப் பின்னால் போயிற்று. அங்கே ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது. அடியில் இருந்த ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது.

"ஐயா, எனக்கு ஒரு ஒத்தாசை வேணும்," என்றார் அக்கா. "மொத்தம் இருபத்தாறு பேரு. நான் முன்னாடி போய்ட்டா பின்னாடி யாராவது விட்டுப்போனா தெரியாது. எல்லாருக்கும் பின்னாடி வந்து, யாரும் நிக்கலன்னு பாத்துச் சொல்ல ஒரு பொறுப்பான ஆள் இருந்தா நல்லது."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கார்டுன்னா கடைசிப் பெட்டிதானம்மா," என்றார்.

பயணத்தன்று சட்டைப்பையில் பழைய விசிலோடு வந்து நின்றார். அன்றைக்கு முழுவதும் தடியை ஊன்றி ஊன்றி எல்லோருக்கும் பின்னால் நடந்தார். தாமதமாக வந்ததற்கு ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்தால் விசில் ஊதிவிடுவார்.

ஊற்று இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். பகோ தாண்டி, சித்தாங் ஆற்றுப் பாலம் தாண்டி, பெரிய ரோட்டை விட்டு மலைப்பக்கம் ஒரு மண் சாலை பிரியும். கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை. அதன் மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைப்பாலம். அதைத் தாண்டி இரண்டு மைல் ஏறினால் வண்டி நிற்கிற இடம். அங்கிருந்து நூற்றுப் பதினெட்டுப் படி இறங்கினால் பாறையிடுக்கில் ஆவி பறக்க வெந்நீர் கொப்பளிக்கும். பக்கத்திலேயே கை வைக்க முடியாது. கீழே கட்டியிருக்கும் தொட்டிகளுக்கு வந்து சேரும்போதுதான் குளிக்கிற சூடு. தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள மோன் இனத்து அம்மாள் ஒருவர் இருந்தார். மூங்கில் குழாய் வைத்து ஓடைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைப்பது அவர் வேலை.

அந்த ஊற்றுக்கு அக்கா என்னை முதன்முதலாகக் கூப்பிட்டது காலி வண்டியோடு போய்வரத்தான். "ஆளே இல்லாம எதுக்குக்கா?" என்றேன்.

"போகாத எடத்துக்கு ஆளக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?"

"நீங்கதான் ரெண்டு தடவ போயிருக்கீங்களே."

"அது நான் போனது," என்றார்.

அதன் அர்த்தம் படிக்கட்டில் தெரிந்தது. பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தார். முழங்கால் மடங்காதபடி இரண்டு காலிலும் இறுக்கிக் கட்டினார். பிறகு பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து அந்த நூற்றுப் பதினெட்டுப் படியையும் இறங்கினார், திரும்ப ஏறினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஏறும்போது ஒரு திருப்பத்தில் வேர்த்து விறுவிறுத்து நின்றுவிட்டார். "இங்க ஒரு பெஞ்சு இல்லாம முடியாது தம்பி. எழுதிக்கோ."

பொரித்த வாழைக்காய் விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "ஸயாமாவுக்குக் காலில் என்ன?" என்று பர்மிய மொழியில் விசாரித்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த மாதிரிக் காலுக்காரங்க இனிமேதான் வருவாங்க," என்றார் அக்கா.

தொட்டியில் கையை விடமாட்டார். முழங்கையைத்தான் விடுவார், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் பார்ப்பதுபோல. "வேல செஞ்ச கைக்குச் சூடு தெரியாது," என்பார். மோன் அம்மாளோடு ஒரு மணி நேரம் பேசி, எந்தத் தொட்டிக்கு எப்போது ஓடைத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் திரும்பினார். அடுத்த முறை நாங்கள் போனபோது, அந்தத் திருப்பத்தில் இரண்டு கல்லின் மேல் ஒரு பலகை போட்டிருந்தது.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நான் ஓட்டும்போது போன் எடுத்தால், வண்டி நிறைய ஆட்கள் இருக்கும்போதே பள்ளிக்கூடப் பிள்ளையை அதட்டுவதுபோல அதட்டுவார். யாராவது உடம்புக்கு ஏதேனும் இருப்பதை மறைத்துக்கொண்டு வந்து ஏறினால், முகம் பார்க்காமல் இறக்கிவிட்டுவிடுவார். இன்னொன்றும் உண்டு. எத்தனையோ தடவை அந்த மலைக்குப் போனோம். சித்தாங் பாலத்தில் போகும்போது பொழுது புலர்ந்து, ஆறு முழுக்கத் தங்கமாக மின்னும். "அக்கா, பாருங்க," என்பேன். "பாத்துட்டேன்," என்பார். கண்ணாடியில் பார்ப்பேன். அவர் கண் முன்னால் இருக்கும் தலைகளின் மேல்தான் இருக்கும்.

தாமுவே கோயில் குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு போன நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது, என்னைப் பற்றியும்.

மழைக்காலம் முடிகிற சமயம். அந்தக் குழுவில் சின்னையா அண்ணன் என்று ஒருவர். மார்க்கெட்டில் துணிக்கடை. அவர் மனைவி மரகதம் அக்காவுக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை முழுவதும் போய்விட்டது. வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். குளிப்பாட்டுவது, தலை வாருவது, உடுத்திவிடுவது எல்லாம் சின்னையா அண்ணன்தான். கடையை மதியம் வரை தம்பியிடம் விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்வார். வெந்நீர் ஊற்றில் குளித்தால் கை சரியாகிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அக்கா முதலிலேயே அவரிடம் தெளிவாகச் சொன்னார். "அண்ணே, வைத்தியம்னு நான் கூட்டிட்டுப் போகல. டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, அவர் குளிக்கலாம்னு சொன்னா வாங்க. குளிக்கத்தான் கூட்டிட்டுப் போறேன். கை சரியாகும்னு என் வாயால சொல்லமாட்டேன்."

டாக்டர் குளிக்கலாம் என்றார். சின்னையா அண்ணனுக்கு அதுவே பாதிச் சுகம் வந்த மாதிரி. அந்த நாளுக்காக மனைவிக்குப் புதுத் தமேன் தைத்துவைத்திருந்தார். பர்மியப் பெண்கள் உடுத்தும் அந்தக் கட்டுத்துணிதான் மரகதம் அக்காவுக்குச் சேலையை விடச் சுலபம்.

தரைப்பாலத்துக்கு வந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். எங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்தது. மலை உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது. பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அக்கா இறங்கிப் போய் ஓரத்தில் நின்று பார்த்தார். தண்ணீர் செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. நுரையும், பச்சை மூங்கில் இலைகளும் வந்தன.

"தண்ணி நெறம் மாறி, பச்ச எல வந்தா மேல மழ கொட்டுதுன்னு அர்த்தம். தொட்டி பாத்துக்குற மோன் அம்மா சொல்லியிருக்காங்க," என்றார். "திரும்பிரலாம்."

வண்டிக்குள் ஒரே சத்தம். இரண்டு மைல்தான் பாக்கி. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "கணுக்கால் தண்ணிதானேக்கா. நான் ஓட்டிருவேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "எறங்கி, நடு வரைக்கும் நடந்து பாத்துட்டு வா தம்பி."

நடந்தேன். முதலில் கணுக்கால்தான். நடுவில் பாலம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அங்கே முழங்கால் வரைக்கும் வந்தது. தண்ணீர் காலை ஓரத்துக்குத் தள்ளியது. ஒரு கணம் குதிகால் வழுக்கிற்று. உடனே திரும்பி வந்தேன். வந்தவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜன்னல் எல்லாவற்றிலும் முகங்கள். "கணுக்கால்தான்," என்றேன்.

அக்கா பக்கத்தில் வந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "லுங்கி முழங்காலுக்கு மேல நனைஞ்சிருக்கு." அப்புறம் உரக்க, "வண்டியத் திருப்பு," என்றார்.

அப்போதுதான் பின்னால் ஒரு பெரிய பஸ் வந்தது. பகோவிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள். பாட்டும் கூத்துமாக எங்களைத் தாண்டிப் போனார்கள். அக்கா கை நீட்டி மறித்தார், கத்திச் சொன்னார். அந்த டிரைவர் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறியது. எங்கள் வண்டியில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

சின்னையா அண்ணன் இறங்கிவந்தார். எப்போதும் அதிர்ந்து பேசாத மனிதர். "அந்தப் பிள்ளைங்களுக்கு இருக்குற தைரியம் உனக்கு இல்லையாம்மா? என் வீட்டுக்காரி ஆறு மாசமா நாள் எண்ணிக்கிட்டு இருக்கா. பயந்தவ எதுக்கு மத்தவங்களக் கூட்டிட்டு வர்ற?" என்றார்.

அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டிரைவர் பொய் சொல்கிறான், அவன் லுங்கியைப் பாருங்கள் என்றிருந்தால் பாதிப் பேர் அடங்கியிருப்பார்கள். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பெரிய ரோட்டுக்கு வந்ததும், யாங்கோன் பக்கம் திருப்பப் போனேன். "இல்ல, டீக்கடையில நிறுத்து," என்றார். நிறுத்தினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. இடையில் மலைப்பக்கம் இடி கேட்டது. சாப்பாடு வந்தது, டீ வந்தது, மறுபடியும் டீ வந்தது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று யாருக்கும் புரியவில்லை. "வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போக வக்கில்லாம உக்காத்தி வச்சிருக்கா," என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அக்கா கடை வாசலில், அந்த மண் சாலை தெரிகிற இடத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

மூன்று மணிக்கு மேல் அந்தக் கல்லூரி பஸ் வந்தது. சேறு அப்பியிருந்தது, ஆனால் முழுசாக வந்தது. டீக்கடையில் நின்றது. ஈரத் தலையோடு பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். எங்கள் ஆட்களைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் ஜன்னல் வழியாக எண்ணியிருக்கிறார். இப்போது இறங்கும்போது எண்ணுகிறார்.

"சரியா இருக்கு," என்றார் என்னிடம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "போலாம் தம்பி."

அவர் காத்திருக்காமல் போயிருந்தால், எங்கள் ஆட்கள் அந்த ஈரத் தலைகளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அக்கரையில் என்ன ஆயிற்றோ என்ற பயம் கொஞ்சம் இருந்திருக்கும். அக்கா செய்தது சரியோ என்ற எண்ணமும் வந்திருக்கும். அவர் கையாலேயே அதைக் கெடுத்துக்கொண்டார். தெரிந்துதான் கெடுத்துக்கொண்டார். யாங்கோன் வந்து சேரும்வரை வண்டியில் அவரோடு ஒருவரும் பேசவில்லை. கடைசியில் ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கிவிட்டு, கோயில் வாசலில் தனியாக நின்றார். அந்தக் குழு அதன்பின் அவரைக் கூப்பிடவில்லை. மார்க்கெட்டில் பேச்சு பரவி, இன்னும் இரண்டு குழுக்களும் கைநழுவிப் போயின.

நான் மூன்று மாதம் அந்த லுங்கியைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அக்கா என்னிடம் முன்போலவே பேசினார், அதட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை. ஒருநாள் மதியம் தாமுவேயில் சவாரி இறக்கிவிட்டு, நேராகச் சின்னையா அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நான் பொய் சொன்னேன்," என்றேன். "நடுவுல முழங்கால் தண்ணி. கால இழுத்துச்சு. கைடக்காவுக்குத் தெரியும். என்னக் காட்டிக் குடுக்கல."

அண்ணன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மரகதம் அக்காதான் பேசினார். "அந்தப் பிள்ளைங்க வந்துட்டாங்கல்ல?"

"வந்துட்டாங்கக்கா. ஆனா அவங்க ஓடுற வயசு. வண்டி நடுவுல நின்னுருந்தா கதவத் தொறந்து குதிச்சிருப்பாங்க."

மரகதம் அக்கா தன் வலது கையைப் பார்த்தார். மடியில் கிடந்தது அது. "நான் குதிச்சிருக்க முடியாது," என்றார். பிறகு கணவரிடம், "அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் குடுங்க. நான் பேசுறேன்," என்றார்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, "வண்டி வேணும். காலியா," என்றார்.

இந்தத் தடவை அவர் துண்டைக் காலில் கட்டவில்லை. வலது கையை உடம்போடு சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டு, சட்டையும் தமேனுமாக, மறைப்புக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் இறங்கினார். நான் வெளியே நின்றேன். உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல!" என்று குரல் வந்தது. இன்னொரு தடவை தொப்பென்றது. நனைந்து வெளியே வந்து, மோன் அம்மாளை உட்காரவைத்து நீளமாகப் பேசினார். இடது கைப்பக்கம் மூங்கிலில் ஒரு பிடி வேண்டும். அடியில் பாசி தேய்த்து எடுக்க வேண்டும். சோப்பும் சொம்பும் வைக்க இடது பக்கம் ஒரு கல் வேண்டும். தண்ணீர் இடுப்புக்கு மேல் போகக் கூடாது.

இதை எழுதும்போது கணக்குப் பார்க்கிறேன், அதன்பின் நாங்கள் சேர்ந்து செய்த பயணங்கள் அதிகமில்லை. பிறகு வந்த வருடங்களில் நோயும் கலவரமுமாக ஊர் அடங்கிவிட்டது, பயணங்கள் நின்றன. அக்கா பினாங்கில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். நான் இப்போது தன்லியினில் ஆலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்குகிறேன். கதவு இன்னும் ரோட்டுப் பக்கம்தான்.

அந்தக் காலி வண்டிப் பயணத்துக்கு அடுத்து வந்த பங்குனி வெயிலில், ஓடை எலும்பும் தோலுமாகக் கிடந்த ஒரு நாளில், அவர்களைக் கூட்டிக்கொண்டு போனோம். சின்னையா அண்ணன், மரகதம் அக்கா, கூட அவர்கள் சொந்தத்தில் ஆறேழு பேர். அண்ணன் வழியெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே வந்தார். படி இறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பலகையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

தொட்டிக்கு முன் வந்ததும் அண்ணன் சட்டையைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டினார். வழக்கம்போல மனைவியைக் குளிப்பாட்டத் தயாரானார். அக்கா மறைப்பின் வாசலில் நின்றுகொண்டார்.

"அண்ணே, அவங்க தனியாக் குளிக்கணும்னு சொல்றாங்க."

"என்ன வெளையாட்டு இது? ரெண்டு வருஷமா நான்தான்…"

"தெரியும்ணே. அவங்களே கேட்டது. போன்ல."

மரகதம் அக்கா கணவரைப் பார்த்து, "இருங்க. கூப்பிட்டா வாங்க," என்றார். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கீற்றுப்படல் மூடிக்கொண்டது.

மற்றவர்கள் மேலே ஊற்று வாயில் முட்டையை வலைப்பையில் கட்டி அவித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வருகிற எல்லோரும் செய்வதுதான். இங்கே நாங்கள் மூன்று பேரும் நின்றோம். உள்ளே தண்ணீர் அளைகிற சத்தம் கேட்டது. சொம்பு கல்லில் படுகிற சத்தம். 'ஸ்' என்று சூடு பொறுக்கிற ஒரு மூச்சு. அப்புறம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

திடீரென்று எதுவும் கேட்கவில்லை.

அண்ணன், "மரகதம்," என்றார். பதில் இல்லை. "மரகதம்!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். அக்கா நகரவில்லை.

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

"வழிய விடும்மா!"

"கூப்பிடலியே இன்னும்."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கணுக்கால் தண்ணீருக்கு வண்டியைத் திருப்பிய மனுஷி அவர். உள்ளே ஏதாவது ஆகியிருந்தால் அவர் உயிரோடு இருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அப்படியும் அவர் அந்த வாசலை விட்டு விலகவில்லை. அண்ணன் அவர் தோளில் கை வைத்துத் தள்ளியே விட்டார்.

அப்போது உள்ளேயிருந்து மரகதம் அக்காவின் குரல் வந்தது. மூச்சு வாங்கிற்று.

"கத்தாதீங்க. சோப்பு வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. தேடிக்கிட்டு இருந்தேன்."

"நான் வர்றேன், எடுத்துத் தர்றேன்."

"எடுத்தாச்சு," என்றார் மரகதம் அக்கா. "நானே எடுத்துட்டேன்."

தண்ணீர்ச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. கைடு அக்கா இரண்டடி தள்ளிப் போய், அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் படலுக்கு இந்தப் பக்கம், மார்பில் கையைக் கட்டிக்கொண்டு, சிறு பிள்ளை மாதிரி அழுதுகொண்டு நின்றார்.

ரொம்ப நேரம் கழித்து மரகதம் அக்கா வெளியே வந்தார். புதுத் தமேனை ஒற்றைக் கையால் கட்டியிருந்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது. அண்ணன் சரி செய்யக் கை நீட்டினார். "விடுங்க, நல்லாத்தான் இருக்கு," என்றார் மரகதம் அக்கா. வலது கை வலது கையாகவே தொங்கியது. முகம் மட்டும் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தார்.

அண்ணன் மேலே ஏறிப் போய் அவித்த முட்டைகளோடு திரும்பி வந்தார். ஒன்றை எடுத்துக் கல்லில் தட்டி, ஓட்டைச் சிறுகச் சிறுக உரித்து, உப்புத் தொட்டார். மனைவிக்குத்தான் என்று நினைத்தேன். கல்லில் உட்கார்ந்திருந்த அக்காவின் முன்னால் போய் நின்று நீட்டினார். அன்றைக்கு அவர் அக்காவிடம் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்.

"சாப்பிடும்மா. காலையிலேர்ந்து நீ ஒண்ணுமே சாப்பிடல."

அக்கா வாங்கிக்கொண்டார். இரண்டே வாயில் தின்று முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு இருக்காண்ணே?" என்றார்.